சுயவிருப்பப் பிரிவில் எங்கள் மேனேஜர்

எங்கள் கட்டடத்தில் ஒரு செய்தி மாடியிலிருந்து கீழே வர லிஃப்ட் தேவையில்லை. டிரைவிங் டீச்சர் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் கணவனுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். காலையில் படியிறங்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காபி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். என் வீட்டுக் காபிக்கும் பொத்தினாள். அதற்குமேல் எனக்கு ஸ்கேன் எதுவும் தேவைப்படவில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை அழுத்துவதுதான் பிழைப்பு. அவள் ஒருமுறை கால் வைத்தால் வைத்ததுதான். கணவன் லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்பதுபோல வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவார். மீதியை நாம்தான் ஏறிக் குதித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் மூன்றாவது ஆள், அவளுடைய அண்ணன். வயது நாற்பதை நெருங்குகிறது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். "எல்லாருக்கும் உள்ளதுக்கு மேல எனக்கு ஒரு குரோமோசோம் எக்ஸ்ட்ரா" என்று அவரே சொல்லிக்கொள்வார், சம்பள உயர்வு கிடைத்தவர் மாதிரி. பேக்கரியில் கேக் பெட்டி மடித்து ஒட்டுகிற வேலை. யார் வீட்டுக் குப்பை வாளி இன்னும் வெளியே வரவில்லை, யார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார் என்பதையெல்லாம் கவனித்துப் படிக்கட்டில் நின்று உரக்க அறிவிப்பதால் அவருக்கு மேனேஜர் என்று பெயர். எனக்கும் அவருக்கும் தொழில்போட்டி உண்டு என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

டீச்சருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. "பிரசவத்துக்கு இப்பவே பெரிய ஆஸ்பத்திரியில கட்டில் பதிஞ்சு வெச்சுடுங்க, கடைசி நேரத்துல அலையாதீங்க" என்று தெருமுனை டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியை விட்டால் அடுத்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பாலத்தில் வண்டி நகராது. அவளுடைய மாணவர்கள்தான் அங்கே என்ஜினை அணைத்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்பவர்கள். அது அவளுக்குத் தெரியாதா? ஆகவே பெரிய ஆஸ்பத்திரி. லிஃப்ட் மெக்கானிக்குக் காலையில் வேலை. துணைக்கு மேனேஜர் கிளம்பினார். அவருக்குத் துணையாக நான் கிளம்பினேன். என்னை யாரும் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

கட்டில் பதியும் ஜன்னலில் இருந்தவர் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"சுயவிருப்பப் பிரிவு முத்திரை இல்லையே. அது இல்லாம கட்டில் கிடையாதும்மா."

அப்போதுதான் அப்படி ஒரு பிரிவு திறந்திருப்பது எனக்கே தெரியும், அவமானமாகப் போய்விட்டது. விஷயம் இதுதான். தாயின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, வயிற்றைத் தொடாமலே உள்ளே இருக்கும் பிள்ளையின் குரோமோசோம் நிலவரத்தைப் பார்க்கிற புதுப் பரிசோதனை வந்திருக்கிறது. விரும்பியவர்கள் செய்துகொள்ளலாம், விரும்பாதவர்கள் விட்டுவிடலாம். அதற்காகத்தான் இந்தப் பிரிவு. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் இயக்குநரின் திறப்புவிழா உரை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பரிசோதனையை யாரும் யார்மீதும் திணிக்கக் கூடாது என்பதே எங்கள் உயிர்க்கொள்கை. திணிக்கப்படவில்லை என்பதை உறுதி செய்வதற்காகவே முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒவ்வொரு தாயையும் கட்டாயமாக இங்கே வரவழைக்கிறோம். வராத தாயின் சுயவிருப்பத்தை நாங்கள் எப்படி மதிக்க முடியும்? இதில் எந்தத் தளர்வும் காட்டப்பட மாட்டாது."

கைதட்டல். மறுபடி முதலிலிருந்து.

எங்களுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள்.

"எனக்கு அந்த டெஸ்ட் வேணும்."

"உங்களுக்கு வயசு பத்தாதும்மா. வயசானவங்களுக்குத்தான் கொடுக்கிறோம்."

"போன தடவை எனக்குப் பிள்ளை தங்கல. ராவும் பகலும் பயமா இருக்கு."

"பயம் எங்க பட்டியல்ல இல்லம்மா. வயசுதான் இருக்கு. கொஞ்ச வருஷம் போகட்டும், வாங்க."

"இந்தப் பிள்ளைக்கா கொஞ்ச வருஷம்?"

"அது உங்க சுயவிருப்பம்."

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தர்றதை அந்தப் பொண்ணுக்குத் தந்துடுங்களேன். எனக்கு வேணாம்."

"விருப்பத்தைக் கைமாத்திவிட முடியாதும்மா. அவங்கவங்களுக்குச் சொந்தமா இருக்கணும்" என்று சொல்லி ஒரு டோக்கனை நீட்டினார்.

டோக்கனை மேனேஜர் வாங்கிக்கொண்டார். "என்கிட்ட இருக்கட்டும். நீ தொலைச்சிடுவ." வெளியே எங்கே போனாலும் பை, கோப்பு, டோக்கன் மூன்றும் அவரிடம்தான். கேட்டாலும் தரமாட்டார்.

உள்ளே இரண்டு கதவுகள். ஒன்றின்மேல் 'விரும்புகிறேன்', மற்றதன்மேல் 'விரும்பவில்லை'. இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே வண்ணம். ஒரு பக்கம் சாய்ந்ததாகப் பேர் வந்துவிடக் கூடாதென்று கைப்பிடிகூட ஒரே கடையில் வாங்கினார்களாம். கதவுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பேச ஆஸ்பத்திரிக் குழுவுக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. 'விரும்புகிறேன்' கதவு திறந்தபோது எட்டிப் பார்த்தேன். மெத்தை நாற்காலி, சிரித்த முகத்தோடு ஒரு நர்ஸ், ஆரஞ்சு ஜூஸ், தட்டு நிறைய பிஸ்கட். 'விரும்பவில்லை' கதவைத் திறந்தால் ஒரு நீளத் தாழ்வாரம். அதன் இரு பக்கமும் அறைகள்.

முதல் அறையில் நடுநிலை ஆலோசகர். தாய்மார்களை எந்தப் பக்கமும் சாய்க்காமல் பேசுவதற்கு வெளியூரில் பயிற்சி பெற்றவராம். நான் அப்போதே அவருக்குத் தராசம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். டீச்சர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"கழிப்பறை எந்தப் பக்கம்?"

தராசம்மா கைகளைக் கோத்துக்கொண்டார். "சில தாய்மார்கள் வலது பக்கம் போறாங்க. சிலர் இடது பக்கம் போறாங்க. ரெண்டுமே மதிக்கத்தக்க முடிவுதான். உங்களுக்கு எது சரின்னு படுது?"

"எனக்கு அவசரம்னு படுது."

அவள் திரும்பி வந்ததும் எங்கள் மூவரையும் உட்காரவைத்து வீடியோ போட்டார்கள். முதலில் ஒரு மஞ்சள் சூரியன் வந்து சிரித்தது. அதுதான் பரிசோதனையில் பிரச்சினை இல்லாத குழந்தை. பிறகு வாத்தியச் சத்தம் இறங்கி, ஒரு சாம்பல் நிற மேகம் வந்தது.

"பாப்பா, அந்த மேகம் யாரு?" என்றார் மேனேஜர். தங்கைக்கு எத்தனை வயதானாலும் அவருக்குப் பாப்பாதான்.

தராசம்மா தரையைப் பார்த்தார். "அது சும்மா ஒரு மேகம் சார்."

"அதுக்கு ஒண்ணு எக்ஸ்ட்ராவா?"

"ஆமா சார்."

"அப்ப நான்தான்" என்று மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேகம் மெதுவாகத்தான் படிக்கும், இதயத்தில் கோளாறு வரலாம், தைராய்டு வரலாம், பிடிவாதம் பிடிக்கும், பெரியவரானாலும் பிறர் உதவி தேவைப்படும் என்று ஒரு சோகக் குரல் அடுக்கிக்கொண்டே போனது. மேனேஜர் தைராய்டுக்குத் தலையாட்டினார். பிடிவாதம் என்ற இடத்தில் மட்டும் திரும்பினார். "அது நான் இல்ல. அது இவ."

விளக்கைப் போட்டதும் டீச்சர் சொன்னாள். "பாருங்கம்மா, இந்த டெஸ்ட்டைத் தப்புன்னு நான் சொல்லல. தெரிஞ்சுக்கணும்னு துடிக்கிறவங்க வெளியில நிக்கறாங்க, அவங்களுக்குக் கொடுங்க. எனக்கு எந்தப் பதில் வந்தாலும் நான் பெத்துக்கத்தான் போறேன். ஏற்கெனவே ஒரு மேகத்தோடதான் குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன்."

"குப்பையை நான்தான் கொட்டறேன்" என்றார் மேனேஜர். "தினமும்."

தராசம்மாவுக்கு உதடு துடித்தது. பயிற்சியில் சிரிப்புக்கு எந்தப் பக்கம் என்று சொல்லித்தரவில்லை போலும். அடக்கிக்கொண்டு எங்களை அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே மறுப்பு அலுவலர். நெற்றியில் கவலைக்கென்றே கோடு வைத்திருந்த மனிதர்.

"உங்க 'வேணாம்', விவரம் தெரிஞ்ச 'வேணாம்'தானான்னு நாங்க உறுதி பண்ணிக்கணும்" என்று ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது, அது வாய்ப்பைச் சொல்லுமா தீர்ப்பைச் சொல்லுமா என்றெல்லாம் கேள்விகள். டீச்சர் தன் வாழ்நாளில் எத்தனை பேருக்கு லைசென்ஸ் பரீட்சை சொல்லிக்கொடுத்தவள்! மளமளவென்று எழுதி நீட்டினாள். எல்லாமே சரி.

அலுவலரின் கோடு ஆழமானது. "இங்கதாம்மா சிக்கல். விவரம் புரிஞ்சவங்க எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்கன்னு எங்க ஆண்டறிக்கை சொல்லுது. உங்களுக்கு முழுசா புரிஞ்சிருக்கு. ஆனாலும் வேணாங்கறீங்க. அப்ப ரெண்டுல ஒண்ணு தப்பு. அறிக்கை தப்பா இருக்க முடியாது, அச்சாகி வந்துடுச்சு."

"சரின்னு சொன்னவங்களுக்கும் இந்தப் பரீட்சை உண்டா சார்?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது.

"எதுக்கு? அவங்கதான் சரின்னு சொல்லிட்டாங்களே."

பரீட்சையில் தேறிவிட்டதால் வேறு வழியில்லாமல் மறுநாளும் வரச் சொன்னார். யாரோ பின்னால் இருந்து அவளை ஆட்டிவைக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டுமாம். "கட்டில்?" என்று கேட்டாள் டீச்சர். "விருப்பம் முடியட்டும்மா, கட்டில் எங்க போகப்போவுது." கட்டில்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஜன்னல் வரிசையில் எங்கள் கண்ணெதிரே பதிந்துகொண்டு போனார்கள். எல்லாரும் ஜூஸ் குடித்தவர்கள்.

மறுநாள் லிஃப்ட் மெக்கானிக் லீவு போட்டு வந்தார்.

"மனைவியை நீங்க வற்புறுத்தறீங்களா?"

"அவளையா..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். அலுவலர் காத்திருந்து பார்த்துவிட்டு, 'சந்தேகத்துக்குரிய மௌனம்' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது நான். "நீங்க யாரு?"

"கீழ்வீடு."

"அவங்க முடிவுமேல உங்களுக்குச் செல்வாக்கு உண்டா?"

"படிக்கட்டுல இருக்கற செருப்பு ஸ்டாண்டை நகர்த்தச் சொல்லி அவ குடிவந்த நாளா சொல்றேன் சார். இன்னும் அங்கதான் இருக்கு."

பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார். கடைசியாக மேனேஜரை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு டீச்சரிடம் சொன்னார். தாழ்ந்த குரல் அந்த அறையில் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இவர் பக்கத்துல இருக்கறதே ஒரு தாக்கம்தான். இவரைப் பார்த்துக்கிட்டே ஒரு தாய் எப்படிச் சுதந்திரமா முடிவெடுக்க முடியும்? கொஞ்சம் வெளியில இருக்கட்டும்."

டீச்சரின் வலது கால் தரையை அழுத்தியது. பிரேக் அங்கே இல்லை. ஆனால் அறை நின்றது.

"சார், வீடியோவுல மேகத்தை உள்ள விட்டீங்க. மேகம் நேர்ல வந்தா மட்டும் வெளியில போகணுமா?"

"வீடியோ எங்க குழுகிட்ட ஒப்புதல் வாங்கினதும்மா."

"எங்க அண்ணன் யார்கிட்ட ஒப்புதல் வாங்கணும்?"

அலுவலர் யோசித்தார். "அந்தக் கோணத்துல நாங்க இன்னும் கூட்டம் போடல."

மேனேஜர் எழுந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. "விடு பாப்பா, எனக்கும் இங்க போரடிக்குது" என்று பை, கோப்பு, டோக்கன் சகிதம் வெளியே போனார்.

அதற்குப் பிறகு வெளியே நடந்ததை நான் பார்க்கவில்லை. தினமும் வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கண்ணாடிப் பெண் பார்த்திருக்கிறாள். பிற்பாடு அவள் எனக்குச் சொன்னது இது. மேனேஜர் முன்கூடத்தில் நின்று இரண்டு கதவுகளையும் ஒரு தரம் நிர்வாக முறையில் சோதித்தார். 'விரும்புகிறேன்' கதவு திறந்து மூடியபோது ஆரஞ்சு ஜூஸ் தெரிந்தது. அவர் விரும்பினார். போனார்.

நர்ஸ் கொஞ்சம் திகைத்திருக்கிறாள். ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு விதி உண்டு: உள்ளே வந்தவரை மறுகேள்வி கேட்கக் கூடாது, கேட்டால் விருப்பத்தை அவமதித்ததாகும். மேலதிகாரிக்குப் போன் போட்டாளாம்.

"மேடம், வந்திருக்கறவரைப் பார்த்தா..."

"டோக்கன் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"விரும்புறேன் கதவு வழியாத்தானே வந்தாங்க?"

"ஆமா மேடம். ஆனா..."

"'ஆனா'ங்கறது அதுக்குப் பக்கத்துக் கதவும்மா. ரத்தத்தை எடு."

மேனேஜருக்கு ஊசி புதிதில்லை. தைராய்டு பரிசோதனைக்காக அடிக்கடி ரத்தம் கொடுக்கிறவர். கையை நீட்டினார், ஜூஸைக் குடித்தார், பிஸ்கட்டில் எங்களுக்கும் ஒரு பங்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "எனக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைச்சிடுச்சேக்கா" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது சிரித்தாளா அழுதாளா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் அதை அவள் சொன்னது பிறகு. வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் பிஸ்கட்டைத் தின்றோமே தவிர, எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

டீச்சருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விசாரணை தள்ளிக்கொண்டே போனது. பாலத்துக்கு அந்தப் பக்க ஆஸ்பத்திரிக்கு எந்த நேரத்தில் புறப்பட்டால் நெரிசல் இருக்காது என்று லிஃப்ட் மெக்கானிக் தினமும் வேறு வேறு நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எந்த நேரத்துலயும்..." என்று நின்றுவிடுவார். இந்த வாக்கியத்தின் மீதி மட்டும் எல்லாருக்கும் தானாகப் புரிந்தது.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடனே வரவும்; குடும்பத்தோடு வரவும்.

இந்த முறை சோபா உள்ள அறை. திரைச்சீலை பாதி இழுத்திருந்தது. மேஜையில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. தராசம்மா, மறுப்பு அலுவலர், அவர்களுக்கு நடுவில் தொலைக்காட்சியிலிருந்து இறங்கி வந்ததுபோல இயக்குநரே உட்கார்ந்திருந்தார்.

"மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா" என்று தொடங்கினார். "இந்தப் பரிசோதனை வாய்ப்பைத்தான் சொல்லும், தீர்ப்பைச் சொல்லாதுன்னு நாங்க எப்பவும் வற்புறுத்திச் சொல்றோம். ஆனா உங்க அறிக்கையைப் பார்த்து லேப்காரங்களே அசந்துட்டாங்க. இவ்வளவு அழுத்தமா இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லையாம். டவுன் சிண்ட்ரோம். ஆண்."

டீச்சரின் கை வயிற்றுக்குப் போனது. என்னதான் எந்தப் பதில் வந்தாலும் என்று சொல்லியிருந்தாலும், பதில் என்று ஒன்று வந்து எதிரே உட்கார்ந்தால் கை அங்கேதான் போகும். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு நிமிர்ந்தாள்.

"சார், நான் ரத்தமே கொடுக்கலையே."

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "நம்பத் தோணாதும்மா. அதுக்கும் எங்ககிட்ட கையேடு இருக்கு."

"நான்தான் கொடுத்தேன்" என்றார் மேனேஜர். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். "ஜூஸ் கொடுத்தாங்க. பிஸ்கட்டும்."

தராசம்மா காகிதப் பெட்டியை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்தார்.

"படிச்சதை இன்னொரு தரம் படிங்க" என்றார் மேனேஜர்.

மறுப்பு அலுவலர் மறுபடி வாசித்தார். "டவுன் சிண்ட்ரோம். ஆண். சந்தேகத்துக்கு இடமில்லை."

மேனேஜர் பேக்கரியில் ஒட்டிய பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதுபோல அதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். "சரியா இருக்கு. நான்தான்."

லிஃப்ட் மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்து, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை நடுவில் நிறுத்தாமல் முடித்தார்.

இயக்குநர் சாமானியர் இல்லை. முதலில் தெளிந்தவர் அவர்தான். "நம்ம பரிசோதனை எவ்வளவு துல்லியமானதுங்கறது இதனால நிரூபணமாயிடுச்சு" என்றார்.

"இந்த அறிக்கையை ரத்து பண்ணிடலாமா சார்?" என்று அலுவலர் கேட்டார்.

"ரத்து பண்ணினா விருப்பம் நிறைவேறலன்னு ஆகிடும். அப்புறம் அந்தக் கதவுல ஏன் கேட்காம எடுத்தீங்கன்னு கேட்பாங்க. கேட்கக் கூடாதுன்னு விதி போட்டது யாருன்னு கேட்பாங்க." தான் போட்ட விதியை நினைத்து ஒரு கணம் கண்ணை மூடினார். "டோக்கன்படி ரத்தம் எடுத்தாச்சு, முடிவு வந்தாச்சு, குடும்பத்துக்குச் சொல்லியாச்சு. விருப்பத்துக்கு வேற என்ன வேணும்? முத்திரையைப் போடுங்க."

முத்திரை விழுந்தது. கட்டில் கிடைத்தது. டீச்சர் சோபாவில் சாய்ந்து, வெகு நாளைக்கப்புறம் வலது காலைத் தளர்த்தினாள்.

ஆனால் தராசம்மாவுக்கு வேலை முடியவில்லை. முடிவைத் தெரிவித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கையேட்டில் இருந்தது. யாருடைய ரத்தமோ அவரிடம் கேட்க வேண்டும். பழக்கதோஷம், மேனேஜர் பக்கம் திரும்பி ஆரம்பித்துவிட்டார்.

"இந்தத் தகவலைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு, சிலர் தொடர விரும்பறாங்க, சிலர் தொடர வேணாம்னு..."

அங்கேயே நின்றுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கூட அப்படி நின்றதில்லை.

மேனேஜர் கேள்வியைச் சரியாகவே எடுத்துக்கொண்டார். "தொடரணும்" என்றார். "திங்கட்கிழமை பேக்கரியில பெரிய ஆர்டர் இருக்கு."

தராசம்மா அவரையே பார்த்தார். "நல்ல முடிவு சார்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் வாய்தானா என்பதுபோல விரலால் உதட்டைத் தொட்டுக்கொண்டார்.

பிரசவம் அந்தக் கட்டிலிலேயே நடந்தது. பெண் குழந்தை. அழுத்தம் எகிறிக் கொஞ்ச நேரம் எல்லாரையும் ஓடவிட்டது. பாலத்தில் மாட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை. பக்கத்துக் கட்டிலில் கண்ணாடிப் பெண். அவளுக்கும் நல்லபடியாக முடிந்தது. பத்து மாதமும் பயந்துகொண்டேதான் இருந்தாள். பட்டியலில் இல்லாத பயம் என்பதால் யாரும் அவளிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் மறுப்பு அலுவலர் கோப்போடு வந்தார். தொட்டிலை எட்டிப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். "அறிக்கையில ஆண்னு இருக்கு. குழந்தை பொருந்தலையேம்மா. திருத்தம் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்துடுங்க."

"எதைத் திருத்த?" என்றாள் டீச்சர்.

அந்தக் கோணத்தில் அவர்கள் இன்னும் கூட்டம் போடவில்லை.

இப்போது தெருவுக்கு ஒரே கேள்விதான். காய்கறி வாங்குகிற சாக்கில், கதவு தட்டுகிற சாக்கில், பார்க்கிறவர்கள் எல்லாம் என் காதோரம் வந்து கேட்கிறார்கள். "ஏங்க, அந்தக் குழந்தைக்கும் மாமன் மாதிரி அது இருக்கா?" என் வாயில் எள்ளு ஊறாது என்பது ஊரறிந்தது, அந்தத் தைரியத்தில்தான் வருகிறார்கள்.

எனக்குத் தெரியும். பிறந்த அன்றே தூக்கிப் பார்த்தவள் நான். மேனேஜர் என் கையை இரண்டு தடவை கழுவவைத்துவிட்டுத்தான் கொடுத்தார், இன்னும் யார் வந்தாலும் படிக்கட்டிலேயே நிறுத்தி, "கை கழுவியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே விடுகிறார். செருப்பு ஸ்டாண்டைக்கூட நகர்த்திவிட்டார்கள், அந்த இடத்தில் வாளியும் சோப்பும் வைக்க.

கேட்பவர்களிடம் நான் கைகளைக் கோத்துக்கொண்டு சொல்கிறேன்.

"சிலர் இருக்குங்கறாங்க. சிலர் இல்லைங்கறாங்க. ரெண்டுமே மதிக்கத்தக்க கருத்துதான். உங்களுக்கு எது சரின்னு படுது?"